மூச்சை எண்ணுவோம், மழலையைக் காப்போம்

(மேல்நிலை முதலாண்டு, செவிலியப் பிரிவு மாணவியர்)

"வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளம் வந்த பின் மண்வெட்டியைத் தேடி ஓடுகிறவனைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் நம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பச்சிளங் குழந்தையின் விஷயத்தில் நாமும் பல வேளைகளில் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. எங்கள் வகுப்பறையிலேயே கண்ணாரக் கண்டோம்.

சென்ற கார்த்திகை மாதத்து அடைமழையில் எங்கள் தோழி ஒருத்தி ஐந்து நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. மழைக்காகத்தான் வரவில்லை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். ஆறாம் நாள் வந்தவளின் முகம் வாடியிருந்தது. அவளுடைய எட்டு மாதத் தம்பி அரசு ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் குழாயோடு படுத்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்ட பிறகே இக்கட்டுரையை எழுத வேண்டுமென்று முடிவு செய்தோம். அவள் பெற்றோரின் சம்மதத்தோடு, பெயரைக் குறிப்பிடாமல், நடந்ததை எழுதுகிறோம்.

தொட்டிலில் நடந்தது

முதல் நாள் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. இரண்டாம் நாள் இருமலும் காய்ச்சலும் கண்டன. பாட்டி கோரோசனை இழைத்துக் கொடுத்தார், நெஞ்சில் கற்பூரத் தைலம் தடவினார், திருஷ்டி கழித்தார். தந்தையார் மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கி வந்தார். மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை. "அசந்து தூங்குகிறான், எழுப்பாதே" என்றார் பாட்டி.

அன்று தற்செயலாகத் தெருவழியே வந்த கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையை எட்டிப் பார்த்தார். சட்டையை மேலே தூக்கினார். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு குழிந்து குழிந்து போயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். 66 மூச்சு! "ஏம்மா, இது தூக்கமில்லை. குழந்தை மூச்சுவிடப் போராடிக் களைத்துப்போயிருக்கிறான்" என்று சொல்லி உடனே 108 வண்டியை அழைத்தார்.

இறைவன் அருளாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் குழந்தை பிழைத்துக்கொண்டான். இன்று அவன் எங்கள் தோழியின் புத்தகப் பையை இழுத்துக் கொட்டி விளையாடுகிறான். ஆனால் இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் எங்களிடம் திரும்பச் சொல்லவே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. பாட்டி இரவெல்லாம் கண்விழித்தவர்தான். குறைவாயிருந்தது அறிவிப்பு ஒன்றே. யாரையும் குறை கூறுவதற்காக நாங்கள் இதை எழுதவில்லை; நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அக்குறை இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

நிமோனியா என்பது யாது?

நம் நுரையீரல் பஞ்சு போன்றது. அதனுள்ளே திராட்சைக் கொத்துப் போலக் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உள்ளன. நாம் உள்ளிழுக்கும் காற்று இவ்வறைகளை அடைகிறது. அங்கிருந்து பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. நோய்க் கிருமிகள் இவ்வறைகளில் குடியேறினால் அங்கே அழற்சி உண்டாகிறது. சீழும் நீரும் நிறைகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் இருந்தால் பிராணவாயு எப்படிக் கிடைக்கும்? இதுவே நிமோனியா.

பிராணவாயு குறைந்ததும் உடல் என்ன செய்கிறது? ஒரு மூச்சில் கிடைக்காததை இரண்டு மூச்சில் பெற முயல்கிறது. ஆகவேதான் மூச்சு வேகமாகிறது. நோய் முற்றும்போது நுரையீரல் விறைத்துப் போகிறது. அதை விரிக்கக் குழந்தை தன் முழுப் பலத்தையும் செலவிடுகிறது. அப்போதுதான் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறது. நம் தோழியின் தம்பிக்கு இவ்விரண்டும் இருந்தன.

இந்நோய் சாதாரணமானதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் 5 வயது நிறையாத 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தனர். அவ்வயதில் இறந்த குழந்தைகளில் 100க்கு 14 பேர் இந்நோய்க்கு இரையானவர்கள். இக்கொடுமையை உலகுக்கு நினைவூட்டவே ஆண்டுதோறும் நவம்பர் 12 உலக நிமோனியா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

"மழையில் நனைந்தான், அதனால் நிமோனியா வந்தது" என்று நாம் சொல்வதுண்டு. மழை கிருமியைப் படைப்பதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளின் வழியாகவே பெரும்பாலும் கிருமிகள் பரவுகின்றன. மழைக்காலத்தில் சாளரங்களை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் பலர் நெருங்கியிருக்கிறோம். கிருமிக்கு அது வசதியாகி விடுகிறது. பாக்டீரியாக்களுள் நியூமோகாக்கஸ் என்பதும், சுருக்கமாக 'ஹிப்' எனப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே பி வகையும் குழந்தைகளுக்குப் பெரும் பகைவர்கள். வைரஸ் கிருமிகள் பலவும் நிமோனியாவை உண்டாக்குகின்றன.

சளியா? நிமோனியாவா?

எல்லா இருமலும் நிமோனியா அன்று. பெரும்பாலான சளி சில நாட்களில் தானே சரியாகிவிடும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் முதலில் தேவையில்லை. விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று போதும்.

குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாயிருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்து ஒரு மூச்சு. முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இருமல் அல்லது மூச்சுத் தொல்லையுள்ள குழந்தைக்குக் கீழ்க்கண்ட எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வேக மூச்சு:

பிறந்து 2 மாதம் நிறையாத சிசுவுக்கு 60;
2 மாதம் நிறைந்து 1 வயது நிறையாத குழந்தைக்கு 50;
1 வயது முதல் 5 வயது நிறையும் வரை 40.

வேக மூச்சு இருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெஞ்சு குழிதல், பால் அல்லது நீர் குடிக்க இயலாமை, உண்டதையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், உதடு நீலம் பூத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 2 மாதம் நிறையாத சிசுவுக்குக் காய்ச்சல் இல்லாமலே, உடல் சில்லிட்டுப் போயும் இந்நோய் வரக்கூடும். ஆகவே 'காய்ச்சல் இல்லையே' என்று அமைதியடையக் கூடாது.

எங்கள் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். எங்கள் சிஸ்டர் எங்களை அருகிலுள்ள அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்று குழந்தைகளின் மூச்சை எண்ணப் பழக்கினார். ஒரே குழந்தைக்கு ஒருத்தி 31 என்றாள். மற்றொருத்தி 62 என்று சொல்லி எங்களையெல்லாம் திடுக்கிட வைத்தாள். விசாரித்தபோது அவள் மூச்சு உள்ளே போவதை ஒன்றாகவும் வெளியே வருவதை மற்றொன்றாகவும் எண்ணியிருக்கிறாள்! அக்குழந்தையோ எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நலமாகவே இருந்தது. எளிய செயலாயினும் பழகினால்தான் கைவரும் என்று அன்று அறிந்துகொண்டோம்.

எண்ணத் தெரியாதவர்களும் எண்ணினார்கள்

மராட்டிய மாநிலத்தில் கட்சிரோலி என்னும் காட்டுப் பகுதி மாவட்டம் உள்ளது. அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் தம்பதியர் 'சர்ச்' என்ற நிறுவனத்தை அமைத்துப் பணியாற்றி வருகின்றனர். ஊர்களில் குழந்தைகள் நிமோனியாவால் இறப்பதையும் மருத்துவமனைகள் வெகு தொலைவில் இருப்பதையும் கண்ட அவர்கள், கிராமத்து ஊழியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் மூச்சை எண்ணி நோயறியவும் மருந்து கொடுக்கவும் பயிற்சி அளித்தார்கள்.

ஆனால் ஓர் இடையூறு. எழுதப் படிக்க அறியாத மருத்துவச்சிகள் பலருக்கு 50 வரை எண்ணத் தெரியாது. அதற்காக ஓர் எளிய கருவியை உருவாக்கினார்கள். ஒரு சட்டத்தில் கம்பியில் கோத்த மணிகள். அதனோடு ஒரு நிமிடத்தில் மணல் தீரும் கண்ணாடிக் குடுவை. பத்து மூச்சு எண்ணியதும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணியைத் தள்ள நேர்ந்தால் அது நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்!

இம்முயற்சி நடந்த ஊர்களில் நிமோனியாவால் குழந்தைகள் இறப்பது, நடக்காத ஊர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்த ஆய்வு 1990இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்திராத பெண்கள் பத்து வரை எண்ணிப் பிள்ளைகளின் உயிரைக் காத்திருக்கிறார்கள். இயற்பியலும் கணிதமும் படிக்கும் நமக்கு ஒரு நிமிடம் எண்ணுவது இயலாத காரியமா?

ஊசியின் கதை

நோயைக் கண்டறிவது ஒரு படி. நோய் வராமல் தடுப்பது அதனினும் மேலான படி.

நியூமோகாக்கஸ் கிருமியை 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். ஆனால் பச்சிளங் குழந்தைகளைக் காக்கும் தடுப்பூசி அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது 2000ஆம் ஆண்டில்தான். ஏன் இத்தனை காலம்?

இக்கிருமி மிகத் தந்திரமுள்ளது. அது தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான போர்வையொன்றைப் போர்த்துக்கொண்டு திரிகிறது. பெரியவர்களின் உடல் அப்போர்வையை இன்னாரென்று கண்டுகொண்டு எதிர்த்து நிற்கும். 2 வயது நிறையாத குழந்தையின் உடலுக்கு அந்த அடையாளம் சரிவரத் தெரியாது. அதனால் போர்வையை மட்டும் கொண்டு செய்த முந்தைய தடுப்பூசி சிறு குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. பின்னர் விஞ்ஞானிகள் அந்தச் சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்தார்கள். புரதத்தைக் குழந்தையின் உடல் நன்கு அறியும். புரதத்தைப் பிடிக்கப்போன காவலன் அதனோடு கட்டுண்டிருந்த திருடனின் முகத்தையும் பார்த்து வைத்துக்கொள்கிறான்! பிறகு அசல் கிருமி வரும்போது அடையாளம் தெரிந்துவிடுகிறது. இப்படி இணைத்துச் செய்ததே இப்போது போடப்படும் நியூமோகாக்கல் தடுப்பூசி. சுருக்கமாகப் பி.சி.வி. என்பர். ஹிப் கிருமிக்கான ஊசியும் இதே முறையில் செய்யப்பட்டதே.

நம் நாட்டில் விரிவான தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. 1985 முதல் அது அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக வளர்ந்தது. ஹிப் கிருமிக்கும் காவலாக அமைந்த ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அறிமுகமாயிற்று என்பது நமக்குப் பெருமை. பி.சி.வி. ஊசி 2017இல் இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுமைக்கும் வந்து சேர்ந்தது. தனியார் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் செலவாகும் இந்த ஊசி, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.

பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய கால அட்டவணை இதோ:

6ஆம் வாரம்: ஐந்து நோய்த் தடுப்பூசி முதல் தவணை, பி.சி.வி. முதல் தவணை.
10ஆம் வாரம்: ஐந்து நோய்த் தடுப்பூசி இரண்டாம் தவணை.
14ஆம் வாரம்: ஐந்து நோய்த் தடுப்பூசி மூன்றாம் தவணை, பி.சி.வி. இரண்டாம் தவணை.
9ஆம் மாதம் நிறைந்ததும்: பி.சி.வி. ஊக்கத் தவணை, தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை.
16 முதல் 24 மாதத்திற்குள்: தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை.

இவற்றோடு அவ்வப்போது கொடுக்கப்படும் போலியோ முதலிய மருந்துகளும் உண்டு. நிமோனியாவுக்கும் தட்டம்மைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தட்டம்மை கண்ட குழந்தையின் எதிர்ப்பாற்றல் குன்றிவிடுகிறது. அம்மை இறங்கும் வேளையில் நிமோனியா ஏறிக்கொள்கிறது. தட்டம்மையால் நேரும் மரணங்கள் பல உண்மையில் நிமோனியாவால் நேர்வனவே. கக்குவான் இருமலும் அப்படித்தான் நுரையீரலைத் தாக்கும். அதற்கான காவலும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே அடங்கியிருக்கிறது.

விட்டுப்போன ஊசி

மீண்டும் தோழியின் வீட்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் தாய் சேய் நல அட்டையை டாக்டர் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. ஆறாம் வாரத்து ஊசி மட்டுமே போட்டிருந்தார்கள். அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சலடித்து, தொடை வீங்கி, விடியும் வரை அழுதிருக்கிறான். "நன்றாயிருக்கிற பிள்ளைக்கு ஊசி போட்டு ஏன் வதைக்க வேண்டும்?" என்று பாட்டி தடுத்துவிட்டார். தாயும் மறுத்துப் பேசவில்லை.

ஊசி போட்டிருந்தால் இந்நோய் வந்தே இராது என்று நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம். எந்தக் கிருமியால் வந்தது என்பதை எப்போதும் கண்டறிய முடிவதில்லை. தடுப்பூசி இல்லாத கிருமிகளும் உள்ளன. ஆனால் கதவுகள் நான்கிருக்கும் வீட்டில் இரண்டைப் பூட்ட முடியுமானால், மற்ற இரண்டைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் திறந்து போடுவோமா?

ஊசிக்குப் பின் வரும் இலேசான காய்ச்சல் ஒரிரு நாளில் தணிந்துவிடும். அதற்குரிய மருந்தையும் அளவையும் செவிலியரே சொல்வார். சாதாரணச் சளி இருக்கிறதென்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தவணை தவறிவிட்டால் 'இனிப் பயனில்லை' என்று விட்டுவிடவும் கூடாது. அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த தடுப்பூசி நாளிலேயே சென்று கேட்டால், எஞ்சியவற்றை எப்போது போடலாம் என்று சொல்வார்கள். தோழியின் தம்பிக்கும் உடல் தேறிய பின் அப்படித்தான் போடப்பட்டன. அன்று அவனை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவர் யார் தெரியுமா? பாட்டியேதான்.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை

பிறந்ததும் சுரக்கும் சீம்பாலைக் குழந்தைக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். நோய் எதிர்ப்பு ஆற்றலை அது தருகிறது. அதன் பின் தாய்ப்பாலோடு சத்துள்ள இணை உணவும் தர வேண்டும். மெலிந்த குழந்தையை நிமோனியா எளிதில் வீழ்த்திவிடும்.

குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பள்ளியிலிருந்து சளியோடு வீட்டுக்குச் செல்லும் நாமே தம்பி தங்கையருக்குக் கிருமியைக் கொண்டுபோகிறவர்களாய் இருக்கலாம். அந்நாட்களில் அவர்களை முத்தமிடாமல் இருப்பதும் அன்புதான்.

விறகடுப்பின் அருகே குழந்தையைப் போட்டு வைத்தல் தகாது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைத்தல் அறவே கூடாது. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். எப்புகையாயினும் பிஞ்சு நுரையீரலுக்குப் புகையே. மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவதோ மிகவும் ஆபத்தானது. அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அதுவே ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். மூச்சுத் திணறும் குழந்தையின் வாயில் எதையும் வலிந்து புகட்டக் கூடாது. மருந்துக் கடையில் நாமாகவே இருமல் மருந்தோ பழைய சீட்டுக்கு மருந்தோ வாங்கிக் கொடுப்பதும் தவறு. டாக்டர் தந்த மருந்தையோ, காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

நிறைவாக

ஒரு காலத்தில் பெரியம்மை வந்தால் ஊரே அஞ்சி நடுங்கிற்று. 1975க்குப் பிறகு நம் நாட்டில் அந்நோய் இல்லை. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருந்தனர். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடெனச் சான்று பெற்றது. இவ்விரண்டும் ஊசியும் சொட்டு மருந்தும் கொண்டு, வீடு வீடாக நடந்த பெண்களின் கால்களால் பெற்ற வெற்றிகள்.

நிமோனியாவை அப்படி முற்றிலும் ஒழிப்பது எளிதன்று. அதற்குக் காரணமான கிருமிகள் பல. ஆயினும் அதனால் நேரும் மரணத்தைப் பெருமளவு தடுக்க முடியும். பெற்றோரே, இம்மலரைக் கீழே வைத்ததும் உங்கள் வீட்டுக் குழந்தையின் தாய் சேய் நல அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காலியாயிருக்கும் கட்டம் ஏதேனும் உண்டா என்று கவனியுங்கள். தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உறங்கும் தம்பி தங்கையின் அருகே அமர்ந்து, நலமாயிருக்கும்போதே ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். நலமான மூச்சு எப்படியிருக்கும் என்று அறிந்தவளுக்கே நலங்கெட்ட மூச்சு சட்டென்று புலப்படும்.

எங்கள் வகுப்புச் சுவரில் இப்போது 60, 50, 40 என்ற மூன்று எண்கள் பெரிதாக எழுதப்பட்டுள்ளன. அவற்றை எழுதியவள் எங்கள் அந்தத் தோழிதான்.